ஊருணித் தண்ணீரில் ஒரு கிராம்: கப்பல் பெயிண்ட்டும் பெண் நத்தைகளும்

இரண்டாம்கட்டு:

வணக்கம். நான் பள்ளத்தூர். பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு பால்சங்கு இருக்கிறது. என் ஐயா, அப்பா, நான், என் மகன் எல்லோரும் அதில்தான் பால் குடித்தோம். வாய்ப்பக்கம் தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. போன வாரம் மெல்லுடலிகள் பாடத்துக்கு அதை வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஒரு மாணவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஆணா பெண்ணா டீச்சர்?" என்று கேட்டாள். ஓடு மட்டும் இருந்தால் சொல்ல முடியாது, உள்ளே இருந்த உயிரைப் பார்த்தால்தான் தெரியும் என்றேன். சொன்னதும் நான் கல்லூரியில் படித்தபோது பேராசிரியர் காட்டிய ஒரு ஜாடி நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி எழுதத்தான் இந்த இழை.

ஜாடிக்குள் வெளிநாட்டிலிருந்து வந்த சின்ன நத்தை, விரல் நுனி அளவு. ஓட்டை உடைத்து எடுத்திருந்தார்கள். முட்டைக்கு உறை செய்யும் சுரப்பி வெளிறிய மஞ்சளில் தெளிவாகத் தெரிந்தது, அதனால் அது பெண். ஆனால் வலது உணர்கொம்புக்குப் பின்னால் வளைந்த ஒரு சதைத் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அது ஆண் குறி. "இது இயற்கை செய்ததில்லை, கப்பலுக்கு அடித்த பெயிண்ட் செய்தது" என்றார் பேராசிரியர்.

1970இல் இங்கிலாந்தில் பிளிமத் கடற்கரையில் ஸ்டீபன் பிளேபர் என்பவர் பெண் நத்தைகளில் இதைப் பார்த்து எழுதினார். மறு ஆண்டு அமெரிக்காவில் ஸ்மித் என்ற ஆய்வாளர் வேறொரு நத்தையில் இதையே கண்டு 'இம்போசெக்ஸ்' என்று பெயர் வைத்தார். ஒரு பாலின் மேல் இன்னொரு பால் ஏற்றி வைக்கப்பட்டது என்று பொருள். படகுகள் கட்டி நிற்கும் இடங்களில்தான் இது அதிகம், காரணம் பெயிண்ட்டில் இருக்கும் ட்ரைபியூட்டைல் டின் என்ற பொருள் என்று அவரே 1981இல் காட்டினார். இங்கே அதை டிபிடி என்று எழுதுகிறேன்.

இதில் டின் என்பது வேறொன்றும் இல்லை. நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோமே, ரசத்துக்கு ஈயச் சொம்பு வைத்திருக்கிறோமே, அந்த வெள்ளீயம்தான். உலோகமாக இருக்கும்வரை சாது. அதோடு மூன்று பியூட்டைல் தொகுதிகளைச் சேர்த்துவிட்டால் குணமே மாறிவிடும்.

எவ்வளவு இருந்தால் நத்தையைப் பாதிக்கும்? ஒரு லிட்டருக்கு ஒரு நானோகிராம் அளவிலேயே தொடங்கிவிடும். மாணவிகளுக்கு இப்படிக் கணக்குப் போட்டுக் காட்டினேன். நூறு மீட்டர் நீளம், நூறு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் ஆழத்தில் ஓர் ஊருணி. நிறைந்தால் மூன்று கோடி லிட்டர். அப்படி முப்பத்து மூன்று ஊருணிகளை வரிசையாக வைத்து, அத்தனையிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம் கலக்க வேண்டும். அவ்வளவுதான் அளவு. வகுப்பில் சத்தமே இல்லை.

நம் பக்கத்துக் கடலை யாராவது இந்தக் கண்ணோடு பார்த்திருக்கிறீர்களா?

கானாடுகாத்தான் பொடியன்:

ஆச்சி, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நத்தைக்கு ஓர் உறுப்பு கூடுதலாக முளைத்தால் என்ன ஆகிவிடும்? அதோடு உயிர் வாழாதா? நமக்குக் கண்மாய் தூர்ந்து கிடக்கிறது, நிலத்தடி நீர் கீழே போய்விட்டது. அதை விட்டு நத்தைக்கு ஏன் இவ்வளவு கவலை?

இரண்டாம்கட்டு:

கேட்டது நல்லது தம்பி. முளைப்பதோடு நின்றால் நானும் கவலைப்பட மாட்டேன்.

ஆண் குறி வளரும்போது கூடவே விந்துக்குழாயும் வளரும். அது நீண்டு நீண்டு முட்டை வெளியே வரும் துவாரத்தின் மேலேயே படர்ந்து அடைத்துவிடும். உள்ளே முட்டை உறை உருவாகிக்கொண்டே இருக்கும், வெளியே வர வழியில்லை. அடுக்கடுக்காகச் சேர்ந்து கறுத்துப்போய், கடைசியில் உடல் வெடித்துப் பெண் நத்தை சாகும். ஆய்வாளர்கள் இதைப் பூஜ்யம் முதல் ஆறு வரை படி போட்டு வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் படியில் அடைப்பு, ஆறாம் படியில் உள்ளே தேங்கிய முட்டை உறைகள்.

இன்னொன்றும் இருக்கிறது. பிளிமத்தில் பாதிக்கப்பட்ட நத்தை முட்டையைக் கடலில் மிதக்கவிடும் வகை இல்லை. பாறையில் உறையாக ஒட்டும், குஞ்சு அதிலிருந்து ஊர்ந்து வெளியே வரும். அதனால் ஒரு பாறையில் பெண்கள் செத்துப்போனால் அடுத்த ஊரிலிருந்து நீரோட்டத்தில் குஞ்சு வந்து சேராது. அந்தப் பாறை காலிதான். தென்மேற்கு இங்கிலாந்தில் பல இடங்களில் அப்படித்தான் காலியானது. 1980களில் பிரையன், கிப்ஸ் குழுவினர் இதை ஒவ்வொரு கரையாக நடந்து பதிவுசெய்தார்கள்.

கண்மாயை விட்டுவிடச் சொல்லவில்லை தம்பி. இரண்டும் தண்ணீர்தானே.

தொண்டி அலை:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் ஆச்சி. எங்கள் வாப்பா காலம்வரை சங்கு குளித்த குடும்பம். நீங்கள் சொன்ன குஞ்சு விஷயம் நம் பால்சங்குக்கும் பொருந்தும். சங்கு முட்டை ஆட்டுக்கொம்பு மாதிரி முறுக்கிக்கொண்டு, அறை அறையாக மணலில் குத்தி நிற்கும். வாப்பா ஒருமுறை எடுத்துவந்து வாசலில் வைத்து அறுத்துக் காட்டினார். ஒவ்வோர் அறைக்குள்ளும் மிளகை விடக் கொஞ்சம் பெரிய சங்குகள், ஓட்டோடு, முழுசாக இருந்தன. அது கடலில் நீந்தித் திரியாமல் அப்படியே மணலில் இறங்கி ஊர்ந்து போய்விடும் என்றார். அன்றைக்கு அது அதிசயமாக இருந்தது. இன்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று. எங்கள் பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு, பெரிய கப்பல் வராது. விசைப்படகு, நாட்டுப்படகு, வல்லம்தான். தூத்துக்குடிப் பக்கம் கதை வேறு.

கப்பல்காரன்:

தேவகோட்டை. 22 வருடம் கப்பலில் இயந்திரப் பிரிவு. இப்போது ஓய்வு.

ஆச்சி சொல்லும் பெயிண்ட்டோடு நான் வாழ்ந்திருக்கிறேன். கப்பல் அடியில் கொட்டலசு, பாசி, சிப்பி பிடித்தால் வேகம் விழும், எண்ணெய்ச் செலவு ஏறும். அதற்கு முன்பு வந்த மருந்துப் பெயிண்ட்டெல்லாம் சீக்கிரம் சத்துப் போய்விடும். டிபிடி பெயிண்ட் ஐந்து வருடம்வரை அடிப்பாகத்தைச் சுத்தமாக வைத்திருந்தது. உலர்துறையில் தண்ணீரை வடித்துக் கப்பலைத் தூக்கி நிறுத்தினால் அடிப்பாகம் வழவழவென்று இருக்கும், கொட்டலசு ஒன்றுகூட இருக்காது. அதைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்டவர்கள்தான்.

ஒரு நாள் மட்டும் மறக்கவில்லை. வெளிநாட்டில் ஒரு துறை, பெயர் வேண்டாம். பழைய பெயிண்ட்டை மணல் அடித்தும் தண்ணீர் பீய்ச்சியும் உரித்தார்கள். கீழே கணுக்கால் அளவு செங்காவிச் சேறு. சாயங்காலம் குழாயைப் பிடித்து அத்தனையையும் வாய்க்காலில் தள்ளிவிட்டார்கள். வாய்க்கால் நேராகக் கடலுக்குப் போனது. நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அதில் எத்தனை ஊருணிக்கான கிராம் இருந்திருக்கும் என்று இன்றைக்குத்தான் கணக்குப் போடத் தோன்றுகிறது.

உப்புக்காத்து:

காரைக்குடி சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில், உலோக அரிப்புத் தடுப்பு சம்பந்தமான வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். நம் ஊர்ப் பிள்ளைகளில் பலருக்கு அந்த வளாகம் தெரியும், அங்கே கடலைப் பற்றியும் வேலை நடக்கிறது என்பது தெரியாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய நிறுவனம். கடலிலிருந்து இவ்வளவு தள்ளி இருந்தாலும் மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கடலோர நிலையங்கள் உண்டு. உப்புத் தண்ணீரில் இரும்பு என்ன ஆகிறது, பூச்சு என்ன ஆகிறது என்பதைக் கடலில் இறக்கித்தானே பார்க்க முடியும்.

டிபிடி பெயிண்ட்டின் சூட்சுமத்தைச் சொல்கிறேன். மருந்தைப் பெயிண்ட்டில் வெறுமனே கலக்கவில்லை, பெயிண்ட்டைப் பிடித்து நிறுத்தும் பசையோடே வேதிமுறையில் கட்டிவைத்தார்கள். கடல்நீர் பட்டால் அந்தக் கட்டு அவிழும், மருந்து வெளியேறும், மேல் அடுக்கு சோப்பு மாதிரிக் கரையும், அடியில் புது அடுக்கு வெளியே வரும். கப்பல் ஓட ஓட வேலை செய்துகொண்டே இருக்கும். அறிவுபூர்வமான ஏற்பாடு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஐந்து வருடம் வேலை செய்கிறது என்றால் ஐந்து வருடம் விடாமல் கடலில் கசிகிறது என்றுதான் அர்த்தம். ஆரம்பக் காலத்தில் இந்த வகைப் பொருள்களை நன்னீர் நத்தைகளைக் கொல்லவே பரிசோதித்தார்கள், அவை நத்தைக் காய்ச்சல் எனப்படும் பில்ஹார்சியாவைப் பரப்புவதால். நத்தைக்கு ஆகாது என்பது தெரியாத சங்கதி இல்லை.

நத்தை உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ரொம்ப நாள் வேறு விளக்கம் இருந்தது. ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும் நொதியை டிபிடி தடுக்கிறது என்றார்கள். 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வேறு வழி காட்டினார்கள். உயிரணுவில் ரெட்டினாய்டு எக்ஸ் ஏற்பி என்று ஒரு பூட்டு இருக்கிறது. வைட்டமின் ஏ வழி வந்த ஓர் அமிலம்தான் அதற்குச் சாவி. டிபிடி கள்ளச் சாவி மாதிரி அதில் கச்சிதமாக நுழைந்துவிடுகிறது. அந்த அமிலத்தை மட்டும் பெண் நத்தைக்கு ஊசியில் போட்டுப் பார்த்தார்கள். டிபிடி இல்லாமலே ஆண் குறி வளர்ந்தது.

கானாடுகாத்தான் பொடியன்:

ஐயா, இப்போது புரிகிறது. ஆனாலும் ஒரு கேள்வி. கப்பல்காரன் அண்ணே சொன்ன மாதிரி அந்தப் பெயிண்ட் இல்லாவிட்டால் எண்ணெய் கூடுதலாக எரியும், புகையும் கூடுதலாக வரும். நத்தையைக் காப்பாற்றப் போய்க் காற்றைக் கெடுத்த மாதிரி ஆகாதா?

கப்பல்காரன்:

தடை வந்தபோது எங்கள் ஆட்கள் எல்லோரும் சொன்னது இதேதான் தம்பி. கப்பல் தொழிலே படுத்துவிடும் என்றார்கள். படுக்கவில்லை.

வரிசையாகச் சொல்கிறேன். முதலில் அடி வாங்கியது பிரான்ஸ். ஆர்கசோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பவர்களுக்கு 1977க்குப் பிறகு சில வருடம் புதுக் குஞ்சே கிடைக்கவில்லை, இருந்த சிப்பியின் ஓடும் பந்து மாதிரித் தடித்துப் போனது. வயிற்றில் அடி விழுந்ததும் அரசாங்கம் அசைந்தது. 1982இல் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்குத் தடை. இங்கிலாந்து 1987, அமெரிக்கா 1988. பெரிய கப்பல்கள் மட்டும் தொடர்ந்து அடித்துக்கொண்டிருந்தன. 2001 அக்டோபரில் சர்வதேசக் கடல்சார் அமைப்பில் ஒப்பந்தம் நிறைவேறி, 2008 செப்டம்பர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. 400 டன்னும் அதற்கு மேலும் உள்ள சர்வதேசக் கப்பல்களில் இதற்கென்றே தனிச் சான்றிதழ் இருக்கும். துறைமுகத்தில் அதிகாரி ஏறினால் கேட்கும் காகிதங்களில் அதுவும் ஒன்று.

அதற்குள் செம்புப் பெயிண்ட்டுகள் மேம்பட்டன, சிலிக்கோன் பூச்சு வந்தது. சிலிக்கோனில் மருந்தை நம்ப வேண்டியதில்லை, வழுக்கிவிடும், கப்பல் ஓடும்போது ஒட்டியது தானாக விழும். நீண்ட நாள் நிறுத்திவைத்தால்தான் சிரமம்.

உப்புக்காத்து:

ஒன்று சேர்க்கிறேன். செம்பும் சாது இல்லை. கூட்டுமருந்தாகச் சேர்த்த சைபியூட்ரின் கடல் பாசியையும் கடற்புல்லையும் பாதிக்கிறது என்று, 2023 ஜனவரியிலிருந்து அதையும் அதே ஒப்பந்தத்தில் தடைசெய்துவிட்டார்கள். பாக் நீரிணை கடற்புல் நிறைந்த இடம். அதனால் இது நமக்கு அந்நியமான செய்தி இல்லை.

கிளிஞ்சல்:

செட்டிநாட்டுப் பூச்சு வேலை செய்கிற குடும்பம் நாங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைத்துச் சுவரைப் பளிங்கு மாதிரி ஆக்குவோம். இதைப் படித்ததிலிருந்து ஒரு யோசனை. அந்தக் கிளிஞ்சலில் இந்த விஷம் இருந்திருக்குமா? பழைய வளவுகளில் குழந்தைகள் சுவரைத் தொட்டு விளையாடுகிறார்களே.

இரண்டாம்கட்டு:

நீங்கள் பார்க்கும் வளவுகள் பெரும்பாலும் 1940க்கு முன்னால் கட்டியவை அண்ணே. டிபிடி பெயிண்ட் கப்பலில் ஏறியது 1960களில். பர்மாத் தேக்கு ஏற்றிவந்த கப்பல்களில் இந்தப் பெயிண்ட் கிடையாது. போதாததற்குச் சூளையில் கிளிஞ்சலை நீற்றிவிடுகிறீர்கள். பயமே வேண்டாம்.

அடுப்படி:

நானும் வீட்டுக் கவலையைக் கேட்டுவிடுகிறேன் ஆச்சி. வாரம் ஒருமுறை தொண்டி நண்டு வாங்குகிறோம். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

இரண்டாம்கட்டு:

நத்தையைப் பாதிக்கும் அளவும் மனிதரைப் பாதிக்கும் அளவும் ஒன்றில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2004இல் ஒரு வரம்பு வைத்தது. டிபிடியும் அதே வகையைச் சேர்ந்த வேறு மூன்று வெள்ளீயச் சேர்மங்களும் சேர்ந்து, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.25 மைக்ரோகிராம். 20 கிலோ பிள்ளைக்கு 5 மைக்ரோகிராம். கடல் தண்ணீரில் நானோகிராம் கணக்கில் இருந்தே நத்தை துன்பப்படும். அந்தத் தண்ணீரைப் பார்த்து நண்டை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. துறைமுகத்துக்கு உள்ளேயே, கப்பல் நிற்கும் இடத்துச் சேற்றில் பொறுக்கிய சிப்பி, நத்தையை மட்டும் நான் சமைக்க மாட்டேன். தொண்டி நண்டை நானும் சமைக்கிறேன்.

தொண்டி அலை:

நண்டைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னீர்கள், எங்கள் பிழைப்பு அது.

சேறு என்றீர்களே, அதைக் கொஞ்சம் விளக்குங்கள். தடை வந்து இத்தனை வருடமாகிவிட்டது. இன்னும் இருக்குமா?

உப்புக்காத்து:

இருக்கும். வெயிலும் உயிர்ப்பும் உள்ள மேல்தண்ணீரில் டிபிடி சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் பாதியாகிவிடும். காற்றுப் படாத அடிச்சேற்றுக்குள் புதைந்தால் பல வருடம், பத்தாண்டுகள்கூடக் கிடக்கும். பழைய துறைமுகங்களில் ஆழப்படுத்தச் சேற்றை அள்ளும்போது அது மறுபடி கிளம்பும். அள்ளிய சேற்றை எங்கே கொட்டுகிறார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. சான்றிதழ் வாங்கிய கப்பல் சுத்தமாக இருக்கலாம், அது நிற்கும் இடத்து அடிமண் முப்பது வருடக் கணக்கை வைத்திருக்கும்.

நல்ல செய்தியும் உண்டு. நார்வேக்காரர்கள் 1991 முதல் தங்கள் கரை நெடுக, பிளிமத்தில் பாதிக்கப்பட்ட அதே வகை நத்தையைத் தொடர்ந்து பார்த்து வந்தார்கள். 2017இல் பார்த்த ஒரு நிலையத்தில்கூட இம்போசெக்ஸ் இல்லை. ஒருமுறை எண்ணிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை, இருபத்தாறு வருடம் திரும்பத் திரும்ப அதே பாறைக்குப் போனார்கள். அதனால்தான் தடை பலித்தது என்று இன்று அடித்துச் சொல்ல முடிகிறது.

கானாடுகாத்தான் பொடியன்:

நம் நாட்டில் யாரும் பார்க்கவில்லையா?

இரண்டாம்கட்டு:

பார்த்திருக்கிறார்கள். கோவாவின் தேசியக் கடலியல் நிறுவன ஆய்வாளர்கள் 1999இல் குரோனியா கொங்கணென்சிஸ் என்ற நத்தையில் இம்போசெக்ஸ் இருப்பதை இந்தியக் கடலிலிருந்து பதிவுசெய்தார்கள். நம் கடலில் நடக்கவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எனக்கு வேண்டியது நார்வே மாதிரி ஒரு பழக்கம். கருவி பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு வைஸ், ஒரு சாமணம், ஒரு லென்ஸ், உள்ளே இருப்பதை மயக்க மெக்னீசியம் குளோரைடு கரைசல். நத்தையை வைஸில் வைத்து மெதுவாகத் திருகினால் ஓடு 'டக்' என்று விரியும், உடல் நசுங்காது. ஓட்டுச் சில்லுகளை எடுத்துவிட்டு மூன்று கேள்வி. முட்டை உறைச் சுரப்பி இருக்கிறதா? வலது கொம்புக்குப் பின்னால் ஏதாவது முளைத்திருக்கிறதா? இரண்டும் சேர்ந்தே இருக்கிறதா? நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். பதினேழு வயதுப் பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள்.

டிபிடியை அளக்கும் இயந்திரம் நம்மிடம் இல்லை, பரவாயில்லை. கடல் எழுதி வைத்ததை நத்தை உடம்பிலேயே படிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. சில சங்கு, நத்தை வகைகளை வனவிலங்குச் சட்டம் காக்கிறது. அதனால் நாமாகப் பொறுக்கக் கூடாது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. அங்கே எழுதிக் கேட்டு, எந்த இனம், எத்தனை என்று அவர்கள் சொன்ன பிறகுதான் எடுப்பது.

கப்பல்காரன்:

கேட்டுவிடுங்கள் ஆச்சி. வைஸ் என்னிடம் இருக்கிறது. கப்பலில் வாங்கியது, நான்கு அங்குலம். துரு பிடித்திருக்கிறது, துடைத்து எண்ணெய் போட்டு வைக்கிறேன்.

தொண்டி அலை:

எங்கள் சின்னப் படகுகளுக்குச் சான்றிதழ் ஒன்றும் கிடையாது. கடையில் எந்தப் பெயிண்ட் கிடைக்கிறதோ அதைத்தான் அடிக்கிறோம், டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று இதுவரை நான் படித்ததில்லை. இன்று காலை கரையில் ஏற்றியிருந்த மூன்று படகுக்காரர்களிடம் டப்பாவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இரண்டில் செம்பு ஆக்சைடு என்று போட்டிருந்தது. மூன்றாவதில் எழுத்து அழிந்துபோயிருந்தது.

உப்புக்காத்து:

அந்த மூன்றாவது டப்பாவின் அடியில் காய்ந்துபோன பெயிண்ட் இருந்தால் வழித்து, கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, தேதியும் கடைத் தெருவும் எழுதி வையுங்கள் தம்பி. பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். சோதிக்கத் தெரிந்தவர்களிடம் நான் பேசிப் பார்க்கிறேன்.

இரண்டாம்கட்டு:

பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன். பள்ளியில் தலைமையாசிரியரிடமும் சொல்லியாயிற்று. ஆறு மாணவிகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். சங்கு ஆணா பெண்ணா என்று கேட்டவள்தான் முதல் பெயர்.

தொண்டி அலை:

பதில் வந்ததும் சொல்லுங்கள் ஆச்சி. தண்ணீர் வற்றியிருக்கும் நேரம் பார்த்துச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்கு முன்னால் இறங்குதுறைக்கு வந்துவிட வேண்டும், வெயில் ஏறினால் நத்தை கல் இடுக்குக்குள் போய்விடும். பிள்ளைகளுக்கு இட்லி எங்கள் வீட்டில்.